நடுச் சதுரம் யாருக்கு?

ஆகஸ்ட் பிறந்ததும் இத்தாலியின் பலெர்மோ நகரத்துப் பெரிய வீடுகள் கதவடைத்துவிடும். வீட்டுக்காரச் சின்யோராக்கள் கடற்கரை வீடுகளுக்குப் போய்விடுவார்கள். அவர்களுடைய தரையைத் துடைத்து, சட்டைகளை அயர்ன் பண்ணி, வயதான தாய்மாரைக் குளிப்பாட்டி வருசம் முழுக்க ஓடித் திரியும் தமிழ்ப் பெண்களுக்கு அப்போதுதான் சொந்த வீட்டில் கால் நீட்டி உட்காரக் கிடைக்கும். கிளறா அந்த ஒரு மாதத்துக்காகவே மற்ற மாதங்களைத் தள்ளிக்கொண்டு போகிறவள்.

மன்னார்ப் பக்கத்துப் பேசாலையில் பிறந்தவள். ஐம்பத்தைந்து தாண்டிவிட்டது. பொலிதேயாமா நாடக அரங்குக்குப் பின்னாலுள்ள ஒரு சந்தில், வெயில் எட்டிப் பார்க்காத தரைத்தள வீட்டில் புருசன் அன்ரனியோடு இருந்தாள். மாரியில் சுவரெல்லாம் பூஞ்சணம் பிடிக்கும். கோடையில் அதே வீடு மண்பானை மாதிரிக் குளிர்ந்து கிடக்கும். அதனால்தான் தையல் எப்போதும் அவள் வீட்டில் நடந்தது.

கூட இருந்து தைக்கிறவள் இராசேஸ்வரி. சுன்னாகத்துக்காரி. பல வருசங்களுக்கு முன் பெர்மெஸ்ஸோ என்ற வதிவிட அனுமதியைப் புதுப்பிக்கப் போன இடத்தில், கொஸ்தூரா என்ற பொலிஸ் தலைமையகத்தின் வரிசையில் முன்னும் பின்னுமாக நின்று பழகிய சிநேகிதம். ஒருத்தி தேவாலயத்துப் பூசைக்குப் போவாள், மற்றவள் சைவக் கோயிலுக்குப் போவாள். ஆகஸ்டில் இரண்டு பேரும் ஒரே பாயில் இருப்பார்கள்.

இராசேஸ்வரி நகரத்தின் மறு பக்கம் பிரான்காச்சோவில் நாலாம் மாடியில் குடியிருந்தாள். கீழே சோபாக்களுக்கு உறை தைக்கும் பட்டறை ஒன்று. அங்கே வெட்டிக் கழித்த துணித் துண்டுகளைப் பைகளில் அடைத்து பஸ்ஸில் கொண்டுவருவாள். பழைய சேலை, கிழிந்த மேசை விரிப்பு, ஆருடையதோ பைஜாமா எல்லாம் அதில் சேரும். அவற்றைச் சதுரமாகவும் முக்கோணமாகவும் வெட்டி இணைத்து ஒட்டுத்துணிப் போர்வை தைப்பது அவளுடைய வேலை. போர்வையின் நடுவில் வரும் வெள்ளைச் சதுரம் மட்டும் கிளறாவினுடையது. துணியின் இழைகளை எண்ணி, சின்னச் சின்னப் பெருக்கல் குறிகளாக நூலைக் கடத்திப் பூவோ குருவியோ அதில் எழுப்புவாள். இத்தாலியர் அதைப் புந்தோ குரோச்சே என்பார்கள். கிளறா சிலுவைத் தையல் என்பாள்.

ஒரு கோடைக்கு ஒரு போர்வை. அந்த வருசம் ஊர்ச்சனத்தில் எந்த வீட்டில் குழந்தை பிறந்ததோ அந்தக் குழந்தைக்கு அது போகும். வாங்குகிறவர்கள் போர்வையை விரித்து, நடுவைத் தடவிப் பார்த்து, “இது கிளறா அக்காவின்ரை கையெல்லோ” என்பார்கள். அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு அவள் மாரி முழுக்கக் கழித்துவிடுவாள்.

அந்தக் கோடையில் போர்வை றஜிதாவின் பிள்ளைக்கு. றஜிதா கிளறாவின் ஞானமகள். ஞானஸ்நானத் தொட்டியில் அவளைக் கையில் ஏந்தியவள் கிளறா. இப்போது அவளுக்கும் புருசன் விமலராஜுக்கும் முதல் பிள்ளை. பங்குனியிலேயே கிளறா மனதில் ஒரு கிளியைக் கீறி வைத்துவிட்டாள். பச்சைக் கிளி, சிவந்த சொண்டு, வாலில் நீலம்.

ஆகஸ்டின் முதல் நாளே இராசேஸ்வரி தனியாக வரவில்லை.

“இது ஆரணி,” என்றாள் வாசலில் நின்று. “எங்கடை பில்டிங்தான். புருசன் கிரிசாந் ஸ்ஃபெர்ராகவால்லோவிலை மீன் சாப்பாட்டுக் கடையிலை வேலை. இந்த மாசம் முழுக்க அவனை வீட்டிலை காணேலாது. பிள்ளை தனியக் கிடக்குது எண்டு கூட்டிக்கொண்டு வந்தனான்.”

“வாங்கோ, வாங்கோ,” என்றாள் கிளறா. முகம் சிரித்தது. பாயைப் பார்த்தாள். அது இரண்டு பேருக்கு அளவான பாய்.

ஆரணிக்கு முப்பது வயதிருக்கும். செருப்பைக் கழற்றி ஒழுங்காகச் சுவரோரம் வைத்தாள். கட்லட் பொரித்துக் கொண்டுவந்திருந்தாள். கட்லட் நன்றாக இருந்தது, அதுவும் கிளறாவுக்குப் பிடிக்கவில்லை. பஸ்ஸில் நடந்த ஏதோ ஒன்றைச் சொல்லி ஆரணியும் இராசேஸ்வரியும் சிரித்தார்கள். இராசேஸ்வரி வாயைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து எவ்வளவு காலம் என்று கிளறா யோசித்தாள். தன்னோடு இருந்து கடைசியாக எப்போது அப்படிச் சிரித்தாள் என்று நினைவுக்கு வரவில்லை.

பிறகு ஆரணி தன் பையிலிருந்து மரவளையம் ஒன்றை எடுத்தாள். அதில் ஒரு துண்டு வெள்ளைத் துணி இறுக்கிப் பூட்டியிருந்தது. அதில் தைத்திருந்த எலுமிச்சம்பூ நகத்தளவுதான், ஆனால் ஒரு சிலுவைகூட இடறவில்லை.

“போனைப் பாத்துப் பழகினது, அன்ரி,” என்றாள் கூச்சத்தோடு.

“நான் மனசிலை இருந்து தைக்கிறனான்,” என்றாள் கிளறா.

இராசேஸ்வரி துணித்துண்டுகளைப் பாயில் கொட்டினாள். மஞ்சளாகவே விழுந்தது. பட்டறையில் அந்த மாதம் மஞ்சள் சோபாக்கள் போலும். அவற்றை அடுக்கிக்கொண்டே, கிளறாவைப் பாராமல் சொன்னாள்:

“கிளறா, இந்தமுறை நடுச் சதுரத்தை ஆரணி தைக்கட்டும். எலுமிச்சைக் கொப்பு ஒண்டு. இந்த மஞ்சளுக்கு நல்லாப் பொருந்தும். நீ ஓரத்தைப் பார்.”

“றஜிதா என்ரை ஞானப்பிள்ளை.”

“தெரியும். அதுதான் நல்லா வரவேணும் எண்டு பாக்கிறன்.”

அந்த ‘அதுதான்’ கிளறாவின் நெஞ்சில் ஊசி மாதிரி இறங்கியது. எழும்பிப் போய்த் தேத்தண்ணி வைத்தாள். ஆரணிக்கு ஊற்றிய கோப்பையில் சீனி போட மறந்துவிட்டாள். மறந்ததாகத்தான் அவள் தனக்குச் சொல்லிக்கொண்டாள்.

அடுத்த நாட்களில் அவள் ஓரத்தை மடித்துத் தைத்தபடி ஆரணியின் வளையத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கொப்பு வளர்ந்தது. இடப்பக்கம் ஒரு காய், வலப்பக்கம் ஒரு காய் என்று இரண்டு கிளைகளும் மேலே போய் ஒரு பூவில் சேர வேண்டும். ஆரணி உதட்டை அசைத்து எண்ணுவாள். “இந்தப் பச்சை சரியோ, அன்ரி?” என்று இராசேஸ்வரியைக் கேட்பாள். அன்ரி என்று இரண்டு பேரையும்தான் கூப்பிடுகிறாள். கேள்வி மட்டும் எப்போதும் இராசேஸ்வரிக்குப் போனது. நிறத்தைப் பற்றிக் கேட்பதென்றால் தன்னிடமல்லவா கேட்க வேண்டும் என்று கிளறாவின் வயிறு எரிந்தது. போகும்போது இரண்டு பேரும் ஒரே பஸ்ஸுக்கு நடப்பார்கள். சந்து முனை வரைக்கும் கதவில் நின்று பார்ப்பாள். இராசேஸ்வரி திரும்பிக் கை காட்டுவாள்தான். ஆனால் முந்தி அவள் இரண்டு தரம் திரும்புவாள்.

“குழந்தைக்கு ஆரும் எலுமிச்சம்பழம் தைப்பினமோ?” என்று அன்ரனியிடம் கேட்டாள்.

“ஏன், வடிவாத்தானே இருக்குது,” என்றார் அவர், சோற்றைப் பிசைந்துகொண்டு.

அன்றைக்கு அவருக்கு இரண்டாம் தரம் குழம்பு கிடைக்கவில்லை.

சிரொக்கோ வீசிய ஒரு மத்தியானம், காற்று அடுப்புவாயைத் திறந்தது மாதிரி வந்தது. இராசேஸ்வரிக்கு நூல் முடிந்துவிட்டது. ஆரணியைக் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனாள். வளையம் பாயில் கிடந்தது.

கிளறா கதவைப் பார்த்தாள். வளையத்தை எடுத்தாள். வலப்பக்கக் கிளையில் கடைசியாகத் தைத்திருந்த சிறு வரியைப் பிரித்தாள். அதே நூலால், ஒரு கட்டம் தள்ளித் திரும்பத் தைத்தாள். எண்ணித் தைக்கும் தையலில் அது போதும். இனி அதன் மேல் எழும்புவதெல்லாம் தள்ளியே போகும், கிளைகள் பூவில் சேரமாட்டா. முடிந்ததும் வளையத்தை முன்பு கிடந்தது போலவே வைத்துவிட்டு, நெடுநாளைக்குப் பிறகு வாய்க்குள் ஒரு பாட்டை முணுமுணுத்தபடி முகம் கழுவினாள்.

மறுநாள் ஆரணி தைத்துத் தைத்துப் போய் ஓரிடத்தில் நின்றாள். எண்ணினாள். திரும்ப எண்ணினாள். கண் கலங்கிவிட்டது.

“நான்தான் பிழையா எண்ணிப்போட்டன், அன்ரி. நல்ல துணியையும் பழுதாக்கிப்போட்டன்.”

இராசேஸ்வரி வளையத்தை வாங்கி வாசல் வெளிச்சத்தில் பிடித்தாள். நெடுநேரம் பார்த்தாள். பிறகு ஆரணியிடம், “பிள்ளை, முனைக் கடையிலை ஐஸ் வாங்கிக்கொண்டு வாறியே? தலை வெடிக்குது,” என்றாள்.

அவள் போனதும் கதவைச் சாத்தினாள்.

“இது உன்ரை கை, கிளறா.”

“என்ன விசர்க் கதை?”

“நீ இடக்கைக்காரி. உன்ரை சிலுவையிலை மேலாலை போற நூல் மற்றப் பக்கம் சாயும். இந்தக் கொப்பிலை இந்த ஒரு வரிதான் அப்பிடிச் சாயுது.”

கிளறாவுக்குக் காது சூடேறியது. பொய் சொல்ல இடமில்லை என்று தெரிந்ததும் கோபம் வந்தது.

“என்ரை சாய்வு உனக்கென்னண்டு தெரியும்? நீ எப்பவாவது சிலுவைத் தையல் தைச்சனியோ?”

இராசேஸ்வரி வளையத்தைப் பாயில் வைத்தாள். சொல்லக் கூடாததைச் சொல்லப் போகிறவளின் முகம் அது.

“தைக்கிறன்,” என்றாள். “மூண்டு வருசமாத் தைக்கிறன். உனக்குக் கண் தெரியேல்லை, கிளறா. நீ தாற சதுரத்தை வீட்டை கொண்டுபோய்ப் பிரிச்சு, பிழை விட்ட இடமெல்லாம் திருப்பித் தைக்கிறனான். உனக்குத் தெரியக் கூடாதெண்டு உன்ரை பக்கமாவே சாய்ச்சுத் தைப்பன். போன வருசத்துக் குருவியிலை பாதி என்னுடையது. இந்த வருசம் என்னாலையும் ஏலாது. எனக்கும் கை உளையுது.”

கிளறா ஓரத் தையலைக் கீழே போட்டாள். மாரி முழுக்கத் தின்று பசியாறிய பாராட்டெல்லாம் தொண்டைக்குள் திரும்பி வந்தது போலிருந்தது. ‘இது கிளறா அக்காவின்ரை கையெல்லோ.’ யாருடைய கை?

“போ,” என்றாள். “அவளையும் கூட்டிக்கொண்டு போ.”

ஆரணி ஐஸோடு வந்தபோது இராசேஸ்வரி பைகளைக் கட்டி முடித்திருந்தாள். “கிளறா அன்ரிக்குச் சுகமில்லை,” என்று மட்டும் சொன்னாள். அந்த ஐஸ் சிங்கில் கரைந்து போனது.

அதன்பிறகு பாய் பெரிதாகிவிட்டது. பரலோக மாதா திருநாளுக்கு எல்லோரும் பூசைக்குப் போனார்கள். கிளறா பின் வரிசை வாங்கிலில் இருந்துவிட்டுச் சாப்பாட்டுக்கு நில்லாமல் வந்தாள். பிரான்காச்சோவின் நாலாம் மாடியில் வெக்கையில் இரண்டு பேரும் ஒரே விசிறிக்கு முன்னால் இருப்பார்கள், தன்னைப் பற்றிக் கதைப்பார்கள், இராசேஸ்வரி வாயைப் பொத்திச் சிரிப்பாள். இதையே நினைத்துக்கொண்டிருந்தாள். தன்னுடைய குற்றம் அவளுக்குத் தெரியும். ஆனாலும் அந்தச் சிரிப்புத்தான் அதைவிடப் பெரிதாக உறுத்தியது.

வீம்புக்கு ஒரு வெள்ளைத் துணியை எடுத்துக் கிளியைத் தொடங்கினாள். இராசேஸ்வரி பொய் சொல்கிறாள் என்று காட்டவேண்டும். பகலிலும் லைட் போட்டுக்கொண்டு தைத்தாள். முடித்ததும் அன்ரனிக்கு முன்னால் விரித்தாள்.

அவர் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். குழம்பின் ஞாபகம் இருந்திருக்கும், கொஞ்சம் தயங்கினார்.

“சொல்லுங்கோ. பயப்பிடாமல் சொல்லுங்கோ.”

“கிளி நல்ல கிளி,” என்றார். “கழுத்துத்தான் முறிஞ்சு போச்சு.”

அவருடைய கண்ணாடியைப் பிடுங்கித் தன் மூக்கில் வைத்துப் பார்த்தாள். தலை ஒரு பக்கம், உடம்பு ஒரு பக்கம். சொண்டு காதடியில் இருந்தது. கிளறா முதலில் சிரித்தாள். சிரிப்பு நிற்காமல் போய் அழுகையானது. அன்ரனி என்ன செய்வதென்று தெரியாமல் விசிறியை அவள் பக்கம் திருப்பிவிட்டார்.

அடுத்த நாள் காலை பிரான்காச்சோ பஸ் ஏறினாள்.

கதவைத் திறந்தவள் ஆரணி. “அன்ரி! சுகமாப் போச்சுதோ?” என்றாள். அவளுக்கு ஒன்றுமே தெரியாது என்பது அந்த முகத்தில் தெரிந்தது. இராசேஸ்வரி காட்டிக் கொடுக்கவில்லை. உள்ளே மெசினுக்கு முன்னால் இருந்த இராசேஸ்வரி எழும்பவில்லை, போகச் சொல்லவும் இல்லை.

கிளறா நின்றபடியே சொன்னாள். “உன்ரை கொப்பைக் குழப்பினது நான், பிள்ளை. நீ பிழையா எண்ணேல்லை. நீங்கள் கடைக்குப் போன நேரம் நான் பிரிச்சுத் தள்ளித் தைச்சனான்.”

“ஏன்?”

“பொறாமை.”

ஆரணி அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். “எனக்கு எண்ணவே தெரியாதெண்டு நினைச்சு நான் எத்தினை நாள் அழுதனான்,” என்றாள். குரல் உயரவில்லை. குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். உள்ளே தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டது. வெளியே வரவில்லை.

கிளறா போகத் திரும்பினாள்.

“எங்கை போறாய்?” என்றாள் இராசேஸ்வரி. காலால் ஒரு பையைத் தள்ளிவிட்டாள். “மஞ்சளுக்குப் பக்கத்திலை என்ன வைக்கிறதெண்டு தெரியாமல் இருக்கிறன். நிறம் பார்க்கக் கண் காணுந்தானே?”

கிளறா நிலத்தில் உட்கார்ந்து பையைக் கவிழ்த்தாள். சாம்பல், செங்கல் நிறம், ஒரு பழைய நீலக் கோடு போட்ட பைஜாமா. நீலக் கோட்டை மஞ்சளோடு வைத்தாள். இராசேஸ்வரி குனிந்து பார்த்துவிட்டு மெசினுக்குள் விட்டாள்.

அந்த மாதம் முடியும் வரைக்கும் கிளறாதான் பஸ் ஏறிப் போனாள். கண் டொக்டரிடமும் போய்க் கண்ணாடி வாங்கினாள். கண்ணில் கட்டரக்ட் புரையும் இருக்கிறது, வருசக் கடைசியில் வெட்டவேண்டும் என்றார்கள். ஆரணி அவளோடு கதைத்தாள், ஆனால் தேவைக்குத்தான். எழும்பும்போது வளையத்தைக் கையோடு எடுத்துக்கொண்டு போவாள். தண்ணீர் குடிக்கப் போனாலும் எடுத்துக்கொண்டு போவாள். கிளறா அதைப் பார்க்காதவள் மாதிரித் துணி அடுக்குவாள்.

செப்டம்பரில் ஞானஸ்நானம். தேவாலய மண்டபத்தில் றஜிதா போர்வையை மேசையில் விரித்தாள். எலுமிச்சைக் கொப்பு அங்கிருந்த எல்லாரையும் இழுத்தது. இரண்டு கிளைகளும் அந்தப் பூவில் வந்து சேர்ந்திருந்தன. றஜிதாவின் மாமியார் செலஸ்ரீனா நடுவைத் தடவிப் பார்த்துவிட்டு, நிமிர்ந்து சொன்னாள்:

“கிளறா, கை குறையேல்லையடி உனக்கு. என்ன துப்புரவு!”

ஆரணி மேசைக்கு அந்தப் பக்கம் நின்றாள். இராசேஸ்வரி பக்கத்தில் நின்றாள். இரண்டு பேரும் வாய் திறக்கவில்லை. பேசாமல் இருந்தால் போதும், அந்தச் சொல் இந்த மாரிக்கும் தனக்குத்தான் என்று கிளறாவுக்குத் தோன்றியது. அப்படித் தோன்றியதும் நிசம்.

“என்ரை இல்லை,” என்றாள். “உந்தா, அந்தப் பிள்ளை. ஆரணி. சுத்திவர நிறம் வைச்சது மட்டும் நான்.”

செலஸ்ரீனா ஆரணியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். பெண்கள் சுற்றிக்கொண்டார்கள். ஆரணி சிரித்த முகத்தோடு ஒருமுறை திரும்பிக் கிளறாவைப் பார்த்தாள். சிரிப்பு அப்படியே இருந்தது. அது தனக்கும் சேர்த்துத்தானோ இல்லையோ என்று கிளறாவால் நிச்சயிக்க முடியவில்லை.

சாப்பாட்டு வரிசையில் இராசேஸ்வரி அவளுக்குப் பின்னால் வந்து நின்றாள்.

“எனக்கு இன்னும் எரியுது, இராசேஸ்,” என்றாள் கிளறா, திரும்பாமல்.

“எரியட்டும். தட்டை நீட்டு, றோல்ஸ் முடியப் போகுது.”