தூண் வேண்டாத கூரைக்கு நான்கு தூண்கள்

இன்று காலை தாமுவே பேட்டையில், நான் படித்த பள்ளியின் மைதானத்தில் தொண்டை கிழியக் கத்திவிட்டு வந்திருக்கிறேன்.

எங்கள் விளையாட்டு மண்டபத்தின் கூரை தெரியும்தானே? பின்பக்கத்தை மட்டும் பிடித்துக்கொண்டு, முன்னால் ஒரு தூண்கூட இல்லாமல் பதினைந்து அடி நீண்டு நிற்கும் கான்கிரீட். அதன் விளிம்புக்குக் கீழே தூண்களுக்குக் குழி வெட்டிக்கொண்டிருந்தார்கள்.

“நிறுத்துங்க!” என்றேன். பர்மியக் கொத்தனார் கோ தூன் கடப்பாரையைத் தூக்கியபடியே நின்றுவிட்டார்.

பழைய மாணவர் குழுத் தலைவர் காசிம் பாய் குடையோடு வந்தார். “ஏன் தம்பி கத்துறீங்க? முட்டு குடுத்தா நல்லதுதானே?”

“இல்ல பாய். கான்கிரீட்டுக்குள்ள கம்பியெல்லாம் மேல்பக்கமா ஓடுது, அடியில இல்ல. முன்னால தாங்குனா அடிப்பக்கம் வெடிச்சிரும். கீழ பிள்ளைங்க உக்காருவாங்க.”

“நாலு பேரு ஆளுக்கொரு தூண் தானம் குடுத்திருக்காங்க. தூணே இல்லாட்டி அவங்க பேரை எங்க எழுதுறது?”

மடமோ மண்டபமோ, இந்த ஊரில் தானம் செய்தவர் பெயர் தூணில்தான் இருக்கவேண்டும்.

“பின்சுவத்துல எழுதுங்க.”

“அங்க யாரு பாக்குறா?”

“அந்த நாலு பேரு யாரு? நானே போய்ப் பேசுறேன்.”

பாய் சட்டைப் பையிலிருந்து சீட்டை எடுத்து நீட்டினார். மூன்றாவது பெயர் என்னுடையது.

“உங்க பொறந்தநாளுக்கு உங்கம்மா குடுத்தாங்க தம்பி. உங்களுக்குத் தெரியாதா?”

கொத்தனாரை நாளைக் காலை வரை நிறுத்திவைத்திருக்கிறேன். அம்மாவை நிறுத்தக்கூடியவர் யாராவது இருந்தால் கீழே கமெண்டில் சொல்லுங்கள்.