காது மிஷின் பேட்டரி

என் மகளுக்கு அப்போது இரண்டு வயது. திருக்கோவிலூருக்குப் பக்கத்து ஊரில் கரும்பு போடும் குடும்பம் எங்களுடையது. மாமனாருக்குக் காது கேட்காது. காதுக்குப் பின்னால் மிஷின் மாட்டியிருப்பார். அதன் பேட்டரி சட்டைப் பொத்தான் அளவுதான் இருக்கும்.

அன்று கரும்பு வெட்டும் ஆட்களுக்காகக் கொல்லையில் சோறு வடித்துக்கொண்டிருந்தேன். குழந்தையை மாமியார் பார்த்துக்கொண்டார். திடீரென்று இருமல் கேட்டு ஓடினேன். மாமனாரின் கட்டிலருகே மகள் முகம் சிவந்து மூச்சுத் திணறிக்கொண்டிருந்தாள். முதுகில் தட்டத் தட்ட மெல்ல அடங்கியது.

“எதனா வாயில போட்டுக்கினாளா அத்தை?”

“ஒண்ணும் போடல. எச்சி பொரையேறிச்சி.”

இருமல் நிற்கவில்லை. மறுநாள் கூட்டிப்போனபோது ஊர் டாக்டரும் அதையேதான் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் மாமியார், “இல்லைங்க, சளிதான்” என்றார். மருந்தும் ஆவியும் கொடுத்தார்கள். அடுத்தடுத்த நாட்களில் காய்ச்சல் ஏறியது. குழந்தையின் மூச்சில் அழுகல் நாற்றம் அடித்தது.

கள்ளக்குறிச்சியில் எக்ஸ்ரே எடுத்தார்கள். இடது நுரையீரலுக்குப் போகும் குழாயில் வெள்ளை வட்டம்.

“காசு மாதிரி இருக்குது. ஆனா ஓரத்துல இன்னொரு வளையம் தெரியுது பாருங்க. பேட்டரி” என்றார் டாக்டர்.

ஆம்புலன்சில் புதுச்சேரிக்கு அனுப்பினார்கள். மயக்க மருந்து கொடுத்து, வாய்வழியே குழாய் விட்டு எடுத்தார்கள். கறுத்துப் போயிருந்தது. “அன்னிக்கே வந்திருந்தா சதை இவ்ளோ வெந்திருக்காதும்மா” என்றார் எடுத்தவர்.

என் கணவர் என்னிடம் கேட்டது ஒன்றுதான். “வூட்ல இருந்துக்கினு இன்னா பண்ண நீ?”

மறுநாள் மாமனார் பார்க்க வந்தார். பேட்டரி என்றதும் முகம் மாறியது. “அன்னிக்கே ஒண்ணு காணும்னு இவகிட்ட சொன்னேனே. கட்டிலுக்கு அடியிலகூட தேடினாளே.”

மாமியார் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“தெரிஞ்சேவா அத்தை டாக்டர்கிட்ட இல்லன்னீங்க?”

“சொல்லியிருந்தா நான் சரியா பாத்துக்கலன்னு என்னத்தான சொல்லுவீங்க” என்றார். குரல் கொஞ்சமும் நடுங்கவில்லை.

“வுடு, ஆஸ்பத்திரில இன்னாத்துக்கு சத்தம்” என்றார் கணவர். அதோடு அவருக்கு அந்தப் பேச்சு முடிந்தது.

எனக்கும் குழந்தைக்கும் முடியவில்லை. வெந்த புண் ஆறும்போது குழாயைச் சுருக்கியது. விரித்துவிட்டார்கள், மறுபடி சுருங்கியது. காற்றுப் போகாமல் சீழ் பிடித்த நுரையீரலின் கீழ்ப்பாதியைக் கடைசியில் வெட்டி எடுத்தார்கள்.

இப்போது பள்ளிக்குப் போகிறாள். நாலு எட்டு ஓடினால் விசில் மாதிரி மூச்சு கேட்கும். பிள்ளைகள் அவளை ‘குக்கர்’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். போன மாதம் பள்ளியில் கல்வராயன்மலை அருவிக்குக் கூட்டிப்போனார்கள். “எல்லாரும் குளிச்சாங்கம்மா. நான் செருப்புங்கள பாத்துக்கினு ஒக்காந்திருந்தேன்” என்றாள். அதில் அவளுக்கு வருத்தம்கூட இல்லை.

சென்ற வாரம் உறவுப் பெண்கள் வந்திருந்தார்கள். குழந்தைக்கு என்ன ஆயிற்று என்று கேட்டார்கள். நான் காபியோடு நிற்கும்போதே மாமியார் சொன்னார், “இவ ஃபோன நோண்டிக்கினு இருந்தா. புள்ள பேட்டரிய வாயில போட்டுக்கிச்சி.” அவர்கள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தம்ளரை எடுத்துக்கொண்டார்கள்.

அவர்கள் போன பிறகு மகள் சமையலறைக்கு வந்தாள்.

“நீ ஃபோன் பாத்துக்கினு இருந்தியாம்மா?”

இல்லை என்றேன். கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தாள். பிறகு பாட்டியிடம் போய் உட்கார்ந்துகொண்டாள்.