கல்யாணத்துக்கு மாட்டிய சிலிண்டர்

இப்போது எங்கள் தெருவில் கேஸ் வண்டி ஒரு நாள் பிந்தினாலே வீட்டுக்கு வீடு கூப்பாடு. இட்லிக் கடைக்கும் அதுதான், ஆட்டோ ஓடவும் அதுதான், குளிக்கிற வெந்நீருக்கும் அதுதான். என் மருமகள் போனைக் காதில் வைத்துக்கொண்டு வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடப்பாள். எனக்கு எங்கள் அக்கா வீட்டுக் கேஸ் அடுப்பு ஞாபகம் வரும்.

பேரையூர்ப் பக்கம் எங்கள் குடும்பம் லேசுப்பட்டதில்லை. நாலு ஊரிலிருந்து பெண் கேட்டு வந்தும், அக்காவை அப்பா செல்லூரில் தறி வைத்திருந்தவருக்குக் கொடுத்ததற்கு ஒரே காரணம், அந்த வீட்டில் கேஸ் அடுப்பு இருந்தது. அக்காவுக்கு இளைப்பு. விறகுப் புகை பட்டால் மூச்சு விசில் அடிக்கும். "எம்மக புகையில்லாத வீட்டுக்குப் போறா" என்று அம்மா ஊரெல்லாம் சொல்லிவிட்டாள்.

கல்யாணமான முதல் ஆடிக்கு அம்மாவோடு நானும் போனேன். அடுப்புக்குப் பொட்டு வைத்து, பூவும் சுற்றியிருந்தார்கள். "சம்பந்தியம்மா வந்திருக்காக, கேஸப் பத்த வையி" என்றார் அக்காவின் மாமியார். நீலமாகத் தீ எரிந்தது. அம்மாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

கொல்லையில் மரத்தூள் அடுப்பு ஒன்று புகைந்துகொண்டிருந்தது.

"இது எதுக்குக்கா?"

"தறிப் பாவு நூலுக்குக் கஞ்சி காச்சடி. அம்மாட்டப் போயி எதையாச்சும் உளறாத."

அவள் கண் சிவந்திருந்தது. எங்களைப் பார்த்த சந்தோசத்தில் அழுதிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

கிளம்பும்போது அக்கா அம்மாவின் கையை விடவில்லை. "அடிக்கடி வாங்கம்மா. ஒருவாய்க் காப்பித்தண்ணி குடிச்சிட்டுப் போனாக்கூடப் போதும்."

"போடி கிறுக்கி, பொண்ணு குடுத்த வீட்ல அடிக்கடி கை நனைச்சா நம்ம மருவாதி என்னாகுறது?"

அதன்பின் ஆள் விட்டுக்கூடக் கூப்பிட்டாள். அம்மா அசையவில்லை. எங்கள் மானம் அப்படி.

ஐப்பசி அடைமழையில் மூச்சு முட்டி அக்கா செத்துப்போனாள்.

கருமாதி அன்று அந்த நீலத் தீயில்தான் எங்களுக்குக் காப்பி வைத்தார்கள். மாமியார் மூக்கைச் சிந்திக்கொண்டே வந்தவர்களிடம் சொன்னார்: "கல்யாணத்துக்கு மாட்டுன சிலிண்டரு, இன்னும் ஓடுது. எம்மருமக அம்புட்டுச் சிக்கனம்."

எனக்கு அழுகைக்கு நடுவிலும் பெருமை தாங்கவில்லை. எங்கள் அக்கா இல்லையா! அம்மாதான் அந்த அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு வாய்க்குக் கொண்டுபோன டம்ளரை அப்படியே தரையில் வைத்துவிட்டாள்.

ஆறிப்போகிறதே என்று, அவள் காப்பியையும் நானே எடுத்துக் குடித்தேன்.