டிக்கிக்குள் ஒரு நெருப்புப் போத்தல்

எங்கள் கார் டிக்கி இருபத்தைந்து வருடமாக வெறுமையாக இருந்தது. மேலதிக ரயரும் ஜாக்கியும் பலகைக்குக் கீழே கிடக்கும். மேலே வெறும் கறுப்புக் கம்பளம். ஒரு குடைகூட வைப்பதில்லை. சாமான் வாங்கினால் பின் சீற்றில்தான் வைப்போம், கண்ணாடியால் எட்டிப் பார்க்கிறவனுக்கு வெங்காயம் வெங்காயமாகவே தெரியட்டும் என்று.

போர் நடந்த அந்த நாட்களில் கொழும்பில் கார் வைத்திருந்த தமிழ்க் குடும்பங்களுக்கு இது புதிதல்ல. சோதனைச் சாவடியில் டிக்கியைத் திற என்பார்கள், திறப்போம். உள்ளே ஒன்றும் இல்லையென்றால் கையை அசைத்துப் போகச் சொல்வார்கள். ஒரு போத்தலோ வயர்ச் சுருளோ கிடந்தால் ஒரு கேள்வி வரும். அதற்குச் சொன்ன பதில் பிழைத்தால் அரை நாள் போய்விடும், சில வேளை அதற்கு மேலும் போகும். சண்டை முடிந்து, சாவடிகளும் குறைந்த பிறகும் நாங்கள் டிக்கிக்குள் ஒன்றும் வைக்கவில்லை. காரைத் துப்புரவாக வைத்திருக்கிறோம் என்று சொல்லிக்கொண்டோம். துப்புரவும் இல்லை, ஒன்றும் இல்லை. பயம்.

கார் என்னுடையது, ஓட்டுவதும் நான்தான். என் கணவர் வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர். கார் ஓட்டப் பழகவே இல்லை. இடது பக்கச் சீற்றில், எங்கள் இருவருடைய அடையாள அட்டைகளையும் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு இருப்பார். தூரத்தில் ஒரு பொலிஸ்காரரைக் கண்டால் போதும், அட்டை இரண்டும் கைக்கு வந்துவிடும். பக்கத்தில் இருக்கிற எனக்கு எரிச்சலாக இருக்கும்.

எல்லாம் மாறியது கொட்டாஞ்சேனையில் ஒரு மத்தியானம். துறைமுகத்துக்குக் கிட்ட, கப்பல் சரக்குக்கான கடிதங்கள் எழுதுகிற ஒரு சின்னக் கந்தோரில் எனக்கு வேலை. கந்தோர் இரண்டாம் மாடியில். கீழே ஒழுங்கையில் நின்ற ஒரு ஓட்டோவில் இருந்து புகை வந்தது. ஓட்டோக்காரர் எதிர்ச் சாப்பாட்டுக் கடைக்குள் இருந்தார். சாப்பிட்ட கையோடு ஓடி வந்தார். யாரோ வாளித் தண்ணீர் கொண்டு வந்தார்கள், யாரோ மண் அள்ளி வீசினார்கள், மீன்காரர் ஒருவர் ஈரச் சாக்கை எறிந்தார். நெருப்பு ஒன்றுக்கும் மசியவில்லை.

எங்கள் கந்தோர்ச் சுவரில் ஒரு தீயணைப்புக் கருவி இருந்தது, கண்ணாடிப் பெட்டிக்குள், பூட்டி. திறப்பு மனேஜரிடம். மனேஜர் சாப்பிடப் போய்விட்டார். கண்ணாடியை உடைப்போம் என்றேன். "மிஸ், சேர் ஏசுவார்," என்றார் பக்கத்து மேசைக்காரர். நான் மேசையில் கிடந்த கடதாசியில் துளையிடுகிற மெஷினை எடுத்து ஒரே போடாகப் போட்டேன். சேர் பிறகு ஏசத்தான் செய்தார், அது வேறு கதை. கருவியைத் தூக்கிக்கொண்டு இரண்டு மாடிப் படி இறங்கிப் போய்ச் சேர, ஓட்டோவின் கம்பிக்கூடு மட்டும் நின்றது.

ஓட்டோக்காரர் பக்கத்து ஜிந்துப்பிட்டி ஆள். கடை வாசல் படியில் குந்தியிருந்தார், கையில் சோறு காய்ந்து ஒட்டியிருந்தது. என் கையில் இருந்த சிவப்புக் கருவியைப் பார்த்தார்.

"கொஞ்சம் முந்தி வந்திருக்கலாமேக்கா," என்றார்.

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் சும்மா சொன்னார், பஸ்சைத் தவறவிட்ட ஒருவரிடம் சொல்வது போல. அடுத்த சனிக்கிழமை புறக்கோட்டைக்குப் போய், முழங்கை நீளத்தில் அதே மாதிரி ஒன்று வாங்கினேன். டிக்கியின் ஓரத்தில் பட்டி போட்டு இறுக்கித் தந்தார் கடைக்காரர். அழுத்தம் காட்டுகிற முள் பச்சையில் நிற்கிறதா என்று மாதம் ஒரு தடவை பாருங்கள், நேர் வெயிலில் வைக்காதீர்கள் என்றார். தீயணைப்புக் கருவி என்று வீட்டில் யார் சொல்லுவார்கள்? ஒரு கிழமைக்குள் அதன் பெயர் நெருப்புப் போத்தல் ஆகிவிட்டது.

கணவருக்கு அது பிடிக்கவில்லை.

"குசினியில வையும். காருக்குள்ள வேண்டாம்."

"குசினி எரிஞ்சா வெளியில ஓடலாம். கார் எரிஞ்சா?"

"வெயிலுக்கு வெடிச்சா?"

"கடைக்காரரிட்டக் கேட்டனான். வெடிக்காது."

அவருடைய தங்கை தெஹிவளையில் இருந்து ரெலிபோன் எடுத்து, "அண்ணி, எங்கட சனத்துக்கு உது தேவையோ?" என்று கேட்டா. எங்கட சனத்தின் கார் என்ன நனைந்த விறகா, பற்றாமல் இருக்க என்று கேட்டேன். அவ ரெலிபோனை வைத்துவிட்டா.

கடைசியில்தான் அவர் உண்மையைச் சொன்னார். பல்கனியில் நின்று, கீழே காலி வீதியைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "இந்த ரோட்டில கார் தானா எரிஞ்சதை நான் காணேல்ல."

எனக்கு விளங்கியது. எண்பத்துமூன்று ஆடிக் கலவரத்தில், தமிழர் வீடுகளைத் தேடித் தேடி எரித்தபோது, அவருக்குப் பதினைந்து வயது. அவர்களுடைய காரைக் கேற்றுக்குள் இருந்து தள்ளிக்கொண்டு போய், காலி வீதியில் வைத்துக் கொளுத்தினார்கள். பக்கத்து வீட்டுச் சிங்களக் குடும்பம் இவர்களை மேல்மாடியில் மறைத்து வைத்திருந்தது. அங்கிருந்து, திரைச்சீலை விலக்கிப் பார்த்தாராம். வீதி நிறையச் சனம், அணைக்க ஒருவரும் வரவில்லை. கல்யாணம் கட்டிய இத்தனை வருடத்தில் இதை அவர் என்னிடம் இரண்டு தடவைதான் சொல்லியிருக்கிறார்.

அந்தப் பதினைந்து வயதுக்காரனை நினைத்தால் எனக்கு நெஞ்சு கனக்கும். ஆனாலும் அவனுக்காக நான் சாகும்வரை வெறும் டிக்கியோடு ஓட முடியாது. போத்தலை எடுக்கவில்லை.

பிறகு ஒரு நாள் பொலிஸ் சோதனை. கொட்டாஞ்சேனையில் ஒரு கோயில் திருவிழா, வாகனங்களை மறித்துப் பார்த்தார்கள். கணவரும் கூட இருந்தார், அட்டைகள் கையில் தயார். இளம் பொலிஸ்காரர் ஒருவர் டிக்கியைத் திறக்கச் சொன்னார். நான் இறங்கித் திறந்தேன். அவர் சிவப்புப் போத்தலைக் காட்டி, "மேக்க மொகக்த?" என்றார். இது என்ன என்று கேட்கிறார்.

என் சிங்களம் சந்தைச் சிங்களம். மீன் பேரம் பேசவும், ஓட்டோவுக்கு வழி சொல்லவும் காணும். வீட்டில் சொல்கிற பெயரை அப்படியே சொல்லுக்குச் சொல் சிங்களமாக்கினேன்.

"கினி போத்தலயக், மல்லி."

அவர் இரண்டடி பின்னால் போனார். மற்றவர்களைக் கூப்பிட்டார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. காருக்குள் இருந்து கணவர் தலையில் கை வைத்ததைக் கண்ட பிறகுதான் விளங்கியது. கார் டிக்கியைத் திறந்து காட்டி, இது நெருப்புப் போத்தல் தம்பி என்று ஒரு தமிழ்ப் பெண் பொலிசுக்குச் சொல்லியிருக்கிறேன். பெற்றோல் ஊற்றிப் பற்றவைத்து எறிகிற போத்தலைத்தான் அவர்கள் அப்படிச் சொல்வார்கள்.

கணவர் இறங்கி வந்து, தன் நல்ல சிங்களத்தில் விளக்கினார். வயதான சார்ஜன்ட் ஒருவர் வந்து போத்தலைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, எழுதியிருந்ததை வாசித்து, சிரிக்கத் தொடங்கினார். "நிவன. கினி நிவன கியன்ன ஓன, மிஸ்," என்றார். அணைக்கிற என்று ஒரு சொல் நடுவில் வேண்டுமாம். அந்த ஒரு சொல்லுக்காக அரை மணித்தியாலம் டிக்கி திறந்தபடி ரோட்டோரத்தில் நின்றோம். கோயிலுக்குப் போகிற சனம் எங்களைப் பார்த்து, பார்க்காத மாதிரிப் போனது. எனக்கு வெட்கம் வந்தது. வெட்கம் வந்ததே என்று பிறகு ஆத்திரமும் வந்தது.

வீட்டுக்கு வந்ததும் அவர் கதவைப் பூட்டிவிட்டுச் சொன்னார். "இண்டைக்கே அதை எடுத்து வையும்."

"எடுக்கமாட்டன்."

"நான் சொல்லுறன்."

"நீங்கள் சொல்லுங்கோ. இருபத்தஞ்சு வருஷம் வெறும் டிக்கியைத் திறந்து திறந்து காட்டினது காணும். அது என்ன, களவெடுத்த சாமானே? நெருப்பை அணைக்கிற சாமான். அதைக் கொண்டு திரியிறதுக்கு எனக்கு ஆரின்ரை உத்தரவும் தேவையில்லை. சிங்களம் பிழையெண்டா சிங்களத்தைத் திருத்துறன். போத்தலை எடுக்கமாட்டன்."

மூன்று நாள் அவர் எனக்கு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. நானும் விட்டுக்கொடுக்கவில்லை. தேநீர் போட்டு மேசையில் வைப்பேன், அவர் எடுத்துக் குடிப்பார், அவ்வளவுதான். நான்காம் நாள் அவரே காருக்குள் வந்து ஏறினார், அட்டைகளோடு. போத்தல் டிக்கியிலேயே இருந்தது.

போன மாதம் ஒரு சனிக்கிழமை பின்னேரம், வெள்ளவத்தையில், காலி வீதியில் வந்துகொண்டிருந்தோம். முன்னால் போன ஒரு பழைய வெள்ளைக் கார் திடீரென்று நின்றது. பொனெற் இடுக்கால் புகை வந்தது, பிறகு கீழே மஞ்சளாக ஒரு நாக்கு. காரில் இருந்து வயதான சிங்கள ஐயா ஒருவர் இறங்கினார். பின்னால் பஸ்கள் ஹோன் அடித்தன. புடவைக் கடை வாசலில் நின்றவர்கள் ரெலிபோனைத் தூக்கிப் படம் பிடித்தார்கள். நான் இறங்கப் பார்த்தேன், முடியவில்லை. வலது பக்கத்தில் ஒரு பஸ் என் கதவோடு ஒட்டி நின்றது.

இடது பக்கக் கதவு திறந்த சத்தம் கேட்டது. கணவர் நடைபாதைக்கு ஏறி வீட்டுப் பக்கம் போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். அதற்காக அவரை நான் குறை சொல்லியிருக்கவும் மாட்டேன்.

டிக்கியில் கை அடித்தது. "திறவும்."

சீற்றுக்குக் கீழே இருந்த டிக்கி நெம்பை இழுத்தேன். பின் கண்ணாடியில் டிக்கி மூடி எழும்பியது. அடுத்ததாக அவர் என் முன்னால் ஓடினார், சிவப்புப் போத்தலோடு. அந்த மனிதர் ஓடி நான் கண்டதில்லை. பொனெற்றைத் தூக்கப் போன ஐயாவிடம், "அரின்ன எப்பா, அரின்ன எப்பா" என்று கத்தினார், திறக்க வேண்டாம் என்று. பிடியில் இருந்த பூட்டு ஊசியை இழுத்தார், இடுக்குக்குள் அடித்தார். வெள்ளைத் தூள் ரோட்டை மூடியது. போத்தலைத் தொடமாட்டேன் என்று இருந்தவர் ஊசியை எங்கே கண்டார்? எனக்குத் தெரியாமல் எப்போதோ டிக்கியைத் திறந்து, அதில் எழுதியிருந்ததையெல்லாம் வாசித்திருக்கிறார். நெருப்பு ஒரு தடவை திரும்ப எழும்பியது. அவர் கையை எடுக்கவில்லை. போத்தலில் வெறும் காற்று மட்டும் சீறும்வரை அழுத்திக்கொண்டே நின்றார்.

பிறகு புகை மட்டும் வந்தது, பிறகு அதுவும் இல்லை.

எஞ்சின் முழுக்கத் தூள், இதை யார் கழுவுவது என்று ஐயா முதலில் முணுமுணுத்தார். பிறகு என்ன நினைத்தாரோ, வந்து என் கணவருடைய கையைப் பிடித்துக்கொண்டார். வீதிப் பொலிஸ்காரர் ஒருவர் ஓடி வந்து, அவருடைய கையில் இருந்ததைக் காட்டி என்ன அது என்று கேட்டார். வங்கியில் முப்பது வருடம் பிழையில்லாத சிங்களம் பேசிய மனிதர் மூச்சு வாங்க, "கினி போத்தலயக்," என்றார். பொலிஸ்காரர் சிரித்தார். இவர் சிரிக்கவில்லை. அந்தக் காரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

பஸ் விலகிய பிறகு நான் இறங்கிக் கிட்டப் போனேன். தலைமயிரெல்லாம் வெள்ளைத் தூள்.

"அணைஞ்சிட்டுது," என்றார் என்னிடம். அதையே திரும்பவும் சொன்னார். கண்ணில் தண்ணீர் நின்றது. தூள் பட்டதென்று நான் சொல்லவும் இல்லை, அவர் சொல்லவும் இல்லை.

காரில் ஏறிய பிறகும் போத்தலை டிக்கியில் வைக்க விடவில்லை. மடியில் வைத்து, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தார். கராஜில் காரை நிறுத்தியதும், நாளைக்குக் காலமை மீன் வாங்க மார்க்கெற்றுக்குப் போகவேண்டும் என்று நான் சொன்னேன்.

"நாளைக்கு ஞாயிறு, போத்தல் நிரப்புற கடை பூட்டு," என்றார் அவர். "திங்கட்கிழமை நானும் வாறன், ஓட்டோவில போய் நிரப்பிப்போட்டுக் காரை எடுப்பம். அதுவரைக்கும் கார் நிக்கட்டும். வெறும் டிக்கியோட நீர் ரோட்டுக்கு இறங்காதையும்."