செல்வராணியின் இரண்டு ரிங்

வியாழக்கிழமை, மாலை 4.10. கடைக் குறிப்பேட்டில் நேரம் எழுதியிருக்கிறேன். பண்டாரவளையில் நான் வேலை செய்யும் போன் கடையின் மேசைமீது செல்வராணியின் போன் அடித்தது. பழக்கத்தில் கை நீட்டினேன். அவர் தட்டிவிட்டார்.

"எடுத்துறாதீங்கண்ணே. காசு போயிரும்னு ஏசுவாரு."

இரண்டு ரிங். நின்றுவிட்டது.

செல்வராணி பசறைப் பக்கத் தோட்டமொன்றில் தேயிலைக் கொழுந்து எடுப்பவர். கணவர் டவுனில் மூட்டை தூக்கினார். மாலையில் பஸ்ஸைவிட்டு இறங்கியதும் இரண்டு ரிங் கொடுத்து வெட்டுவார். தேத்தண்ணிக்குத் தண்ணி வை என்று அர்த்தம். ஒரு வியாழக்கிழமை, மண்சரிவில் அவரும் போனும் புதைந்து போனார்கள். ஆறு வருடமாகிறது. திரையில் தெரிந்த அவர் இலக்கத்துக்கு நானே கோல் எடுத்துப் பார்த்தேன். பாவனையில் இல்லை என்றது பதிவுக் குரல்.

"வியாழக்கெழம மட்டும் வரும். நானும் தண்ணி வச்சிருவேன்."

மலேசியாவில் வேலை செய்யும் அவருடைய மகள் சுற்றிப் பார்க்க அழைத்திருந்தாள். சிங்கப்பூர், மலேசியா, தாய்லாந்து, பன்னிரண்டு நாள். நாட்டுக்கு நாடு சிம் மாற்றச் சொல்லியிருந்தாள்.

"இந்தச் சிம்ம கழட்டணும்னா நான் போகலண்ணே."

மகள் அனுப்பிய போனில் *#06# அடித்தேன். ஈஐடி இலக்கம் வந்தது; கார்டு இல்லாமலே இ-சிம் ஏறும், பழைய சிம்மைக் கழட்ட வேண்டாம். மூன்று நாட்டுக்கு மூன்று பிளான் வேண்டாம், பிராந்தியப் பிளான் ஒன்று போதும். நாடுகளின் பட்டியலை வரி வரியாகப் படித்தேன். மலிவானதில் தாய்லாந்து இல்லை. அடுத்ததை எடுத்தேன்: பத்து ஜிபி, பதினைந்து நாள், அங்கே நெட்வொர்க் பிடித்த பிறகுதான் நாள் கணக்கு ஓடும்.

"இது டேட்டா மட்டும், தங்கச்சி. இதுக்கு நம்பரே கெடையாது. இதுக்கு யாரும் கோல் எடுக்க முடியாது. பழைய சிம் உள்ளேயே இருக்கட்டும்."

பழைய சிம்மில் வெளிநாட்டில் அழைப்பு வருவதற்கான ரோமிங் இல்லை. அதைப் போட்டுக் கொடுக்காமல், சுலபம் என்று அதற்கு வரும் அழைப்புகளைக் கடை போனுக்கு டைவர்ட் போட்டேன்.

"ரிங் வந்தா நீங்க எடுக்க மாட்டீங்களே?"

"எடுக்க மாட்டேன்."

அடுத்த வியாழக்கிழமை கடையில் கூட்டம். ஒருவருக்கு டெம்பர் கிளாஸ் ஒட்டிக்கொண்டிருந்தேன். கடை போன் ஒருமுறை அடித்தது. இலக்கத்தைப் பார்க்காமலே எடுத்து, "வணக்கம், சொல்லுங்க" என்றேன்.

பஸ் ஒன்று கிளம்பிப் போகும் சத்தம். பிறகு ஈர மண்ணில் செருப்புக் கால் வைக்கும் சத்தம், நிதானமாக, கிட்டே வருவதுபோல. கட்டானது. மணி 4.10.

எப்படிச் சொல்வதென்று யோசிப்பதற்குள் செல்வராணியின் வாட்ஸ்அப் குரல் செய்தி வந்தது. மலேசியாவில் அப்போது 6.40.

"எடுத்துட்டீங்களாண்ணே? இங்க ஒரு ரிங்தான் அடிச்சிச்சு."

அழைப்புப் பட்டியலைப் படம் பிடித்து அனுப்பச் சொன்னேன். அன்றைய தேதியில் ஒன்றுமில்லை. பழைய சிம்முக்கு நேராக 'சேவை இல்லை' என்றிருந்தது.

ஊர் திரும்பிய பிறகு அவருக்கு அந்த ரிங் வரவேயில்லை. என்னை ஏசவுமில்லை.

"நீங்க எடுத்ததுல அவரு பெலன்ஸ் முடிஞ்சிருக்கும்ணே" என்றார்.

இப்போது பிளான் கேட்டு வருபவரிடம், எந்த நாடு என்பதற்கு முன், எந்த இலக்கம் உயிரோடு இருக்க வேண்டும் என்று கேட்கிறேன். டைவர்ட் போடுவதில்லை, ரோமிங் போட்டுக் கொடுக்கிறேன். வியாழக்கிழமை மாலைகளில் கடை போன் அடித்தால், மூன்றாவது ரிங் வரும்வரை தொடுவதில்லை.