என் பெயரில் ஓர் அர்ச்சனை

என்னை வேலையிலிருந்து நிறுத்திய மனிதர் என் சுகத்துக்காகக் கோயிலில் அர்ச்சனை செய்வித்தார். நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அவருக்குக் குரொய்டனில் மொத்த வியாபாரம். அரிசி, கோதுமை மா, உறைந்த மீன் என்று லண்டனில் உள்ள தமிழ்க் கடைகளில் பாதிக்கு அவருடைய லொறிதான் போகும். கணக்கு முழுவதையும் நான்தான் பார்த்தேன். “எங்களுக்குள்ள முதலாளி, வேலைக்காரர் எண்டு ஒண்டும் இல்லைப் பிள்ளை, எல்லாரும் ஒரே குடும்பம்” என்பார். குடும்பம் என்றால் சனிக்கிழமையும் வர வேண்டும், அதற்குச் சம்பளம் கேட்கக் கூடாது. அவ்வளவுதான் அந்தக் குடும்பம்.

பிறகு கனடாவிலிருந்து அவருடைய தமக்கையின் மகன் வந்து இறங்கினான். ஒரு நாள் முதலாளி என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, தானே தேத்தண்ணீர் போட்டுத் தந்தார். அப்போதே எனக்கு விளங்கியிருக்க வேண்டும்.

“குறை நினையாதேங்கோ பிள்ளை. மருமகனுக்கு ஒரு இடம் குடுக்கத்தான் வேணும். ஆனால் நிப்பாட்டினது எண்டு வெளியில தெரிஞ்சால் உங்களுக்குத்தான் மரியாதை இல்லை. என்ன களவு செய்தவவோ எண்டு சனம் கதைக்கும். சுகமில்லை, நானாத்தான் விட்டனான் எண்டு சொல்லுங்கோ. நானும் அப்பிடியே சொல்லுறன்.”

“ஓம் அண்ணை” என்றேன். போகும்போது நன்றியும் சொன்னேன். மடைச்சி!

வேறு முதலாளிமார் என்னைக் கொத்திக்கொண்டு போவார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். ஒருவரும் கூப்பிடவில்லை. நானே போன் செய்தால், “முதல்ல உடம்பைப் பாருங்கோ அக்கா, வேலை எங்க ஓடப் போகுது” என்று பரிவோடு வைத்துவிடுவார்கள். வெள்ளைக்காரக் கொம்பனிகளுக்கும் எழுதிப் போட்டேன். நேர்முகம் நன்றாகப் போகும். பிறகு பழைய இடத்தில் விசாரிப்பார்கள். உடல்நலக் குறைவால் விலகினார் என்று அங்கிருந்து பதில் போகும். அத்தோடு சரி.

முதலில் காலையில் குளித்து, உடுத்து, கணினியின் முன் உட்காருவேன். போகப் போக உடுப்பதை விட்டேன். பிறகு தலை வாரி இழுப்பதையும் விட்டேன். பக்கத்து வீட்டு மனிசி ஆட்டுக்கால் சூப் கொண்டுவந்து தந்துவிட்டு, என் முகத்தை ஒரு மாதிரிப் பார்த்துக்கொண்டு போவாள். உண்மையாகவே நெஞ்சு இறுகத் தொடங்கியது. நித்திரை இல்லை, சோறு இறங்கவில்லை. சொன்ன பொய் உடம்புக்குள் இறங்கிவிட்டதோ என்று பயந்தே போனேன். டொக்டர் இரத்தம் எல்லாம் எடுத்துப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றார். “வேலைக்குப் போகிறீர்களா?” என்று சாதாரணமாகத்தான் கேட்டார். அவருக்கு முன்னால் விம்மி விம்மி அழுதேன்.

அந்தக் கிழமைதான் தோர்ண்டன் ஹீத்தில் மரக்கறி வாங்க நின்றபோது, தெரிந்த ஒரு பெண் என் கையைப் பிடித்துக் காதுக்குள் கேட்டாள். “எந்த இடத்தில அக்கா கான்சர்?”

 கேட்டுவிட்டுக் கண் கலங்க, “அந்த அண்ணை எவ்வளவு நல்ல மனுசன்! வெள்ளிக்கு வெள்ளி உங்கட பேர், நட்சத்திரம் எல்லாம் சொல்லி அர்ச்சனை செய்யிறார். ஆர் இந்தக் காலத்தில வேலைக்காரருக்கு இப்பிடிச் செய்வினம்?” என்றாள்.

என் வயிற்றில் அடித்ததும் போதாதென்று, அதிலேயே நல்ல பெயரும் எடுக்கிறார்! வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்திக்கொண்டு, வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன். திட்டி முடிந்ததும் பசித்தது. ஒரு சட்டி சோறு சாப்பிட்டேன். அவருடைய முகமூடியைச் சனத்துக்கு முன்னால் கிழிக்காமல் விடுவதில்லை என்று முடிவெடுத்த பிறகுதான் எனக்கு ஒழுங்காக நித்திரையும் வந்தது.

கோயில் திருவிழாவில் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு குடும்பத்தின் உபயம். அவருடைய உபயத்துக்குக் கடைக்காரர் எல்லாரும் வருவார்கள். நான் அரக்குப் பட்டு உடுத்து, பூ வைத்து, டிராம் ஏறி விம்பிள்டனுக்குப் போனேன். பூசை முடிந்து மண்டபத்தில் அன்னதானம். அவர் சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு தானே பரிமாறிக்கொண்டு நின்றார்.

“வாங்கோ பிள்ளை, இப்ப சுகமோ? ஆரப்பா, இவவுக்கு இருக்க ஒரு கதிரை குடுங்கோ!”

“கதிரை வேண்டாம் அண்ணை.” மண்டபம் முழுக்கக் கேட்கட்டும் என்றே சொன்னேன். “எனக்கு ஒரு நோய் வருத்தமும் இல்லை, இருந்ததும் இல்லை. உங்கட மருமகனுக்காக என்னை நிப்பாட்டினீங்கள். சுகமில்லை எண்டு சொல்லச் சொன்னதும் நீங்கள்தான். வேலை இல்லாமல் இருக்கிறன், அவ்வளவுதான்.”

சாம்பார்க் கரண்டி அந்தரத்தில் நின்றது. “பிள்ளை, கோயில்ல வைச்சு இதெல்லாம்...”

“கோயில்லதானே அண்ணை அர்ச்சனை செய்தனீங்கள்?”

அப்பளக் கூடையோடு நின்ற அவருடைய மனைவிக்கு முகம் வெளிறிவிட்டது. பாவம், அவவும் நம்பியிருந்திருக்கிறா. “அப்ப ஏன் பிள்ளை அவர் சொன்னதுக்கு ஓமெண்டனீங்கள்?”

“வெக்கத்தில அக்கா. நான் வெக்கப்படுவன் எண்டு இவருக்கு வடிவாத் தெரியும். அதை வைச்சுத்தான் என்ர வாயைக் கட்டினவர்.”

சொன்ன பிறகுதான் எனக்கே அது முழுதாக விளங்கியது. வேலை பறித்ததைக்கூட ஒரு நாள் மறப்பேன். இதை மன்னிக்க மாட்டேன்.

பந்தியில் இருந்தவர்கள் பக்கம் திரும்பினேன்.  “கணக்கு, வரி, சம்பளம் எல்லாம் பாப்பன். ஆருக்கும் ஆள் தேவையெண்டால் கேளுங்கோ. எனக்கு வேலை வேணும்.”

 லூயிஷாமில் இவருக்குப் போட்டியாக மொத்த வியாபாரம் நடத்துகிறவர் வாயில் இருந்த சோற்றை ஆற அமர விழுங்கிவிட்டுக் கேட்டார்.

“இவ்வளவு காலமும் இவற்ற கணக்குப் பாத்தது நீங்கள்தானோ? திங்கள் வர ஏலுமோ?”

“ஓம், வாறன்.”

லூயிஷாம்காரருக்குப் பக்கத்திலேயே இலை போட்டு என்னை இருத்தினார்கள். உபயகாரர் பந்தியை விட்டுப் போக முடியாது. என் இலைக்கும் அவர்தான் குனிந்து பாயசம் ஊற்ற வேண்டியிருந்தது. 

“இன்னும் கொஞ்சம் விடுங்கோ அண்ணை” என்றேன்.