அம்மா பல் கட்டிக்கொண்டார்

சென்ற ஆண்டு அம்மாவை வழியனுப்ப வந்து எங்களோடு நின்றவர்களின் கைகளுக்குத்தான் இந்த நினைவு மலர் வருகிறது. அம்மாவைப் பற்றி உங்களுக்குத் தெரியாதது குறைவு. ஆனால் நடுவில் சில ஆண்டுகள் அவர் எந்த விசேஷத்துக்கும் வராமல் ஒதுங்கியிருந்தார். அது ஏன் என்று பலருக்குத் தெரியாது. மகளாக அதைச் சொல்ல விரும்புகிறேன்.

கீழ்பென்னாத்தூர் பக்கம் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்த அம்மா, திருவண்ணாமலையில் சைக்கிள் கடை வைத்திருந்த அப்பாவுக்கு வாழ்க்கைப்பட்டார். நான் எட்டாவது படிக்கும்போது அப்பா மாரடைப்பில் போய்விட்டார். அதன் பிறகு பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கும் வேலைக்குப் போய் அண்ணனையும் என்னையும் படிக்கவைத்தார். "இன்னும் ஒரு கரண்டி வாங்கிக்கடா, எலும்பா நிக்கிற" என்று பிள்ளைகளைத் துரத்தித் துரத்திப் பரிமாறியவர் அவர்.

ஓய்வுபெற்று, வேங்கிக்காலில் அண்ணன் கட்டிய வீட்டில் இருந்தபோதுதான் அம்மாவின் பற்கள் ஒவ்வொன்றாக விழுந்தன. கீரை, பருப்பு, காய் எல்லாவற்றையும் ஒதுக்கினார். காபியில் நனைத்த பன்னும் கரைத்த ரசம் சாதமும்தான் ஆகாரம். எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகு, சமையலறையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிடுவார். கேட்டால் "பசிக்கல" என்பார். பேசும்போது முந்தானையால் வாயை மூடிக்கொள்வார். பிறகு பேச்சே குறைந்துபோனது.

உடம்பு துரும்பாக இளைத்தது. கேட்டதையே திரும்பக் கேட்டார். அடுப்பை அணைக்க மறந்தார். சாயங்காலமானால் காரணமில்லாமல் அழுதார். "மூளை கொழம்பிடுச்சு, மந்திரிச்சுப் பாருங்க" என்றார்கள் சிலர். ஒருநாள் குளியலறையில் மயங்கி விழுந்தார்.

மருத்துவர் ரத்தம் பரிசோதித்துவிட்டு அம்மாவிடமே கேட்டார். "காலையில என்ன சாப்பிட்டீங்கம்மா?"

"பன்னு."

"நேத்து ராத்திரி?"

அம்மா அண்ணியைப் பார்த்தார்.

"வாயத் தொறங்க." பார்த்துவிட்டு மருத்துவர் எங்கள் பக்கம் திரும்பினார். "ரத்தம் ரொம்பக் கம்மி. சத்து இல்லாம மனசும் சோர்ந்து போயிருக்கு. ஊசி போடறேன். ஆனா அவங்க மென்னு சாப்பிடறதுக்கு முதல்ல வழி பண்ணுங்க."

அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. "தாலியில்லாதவளுக்குப் பல்லு எதுக்கு? ஊரே சிரிக்கும்" என்றார். ஊர் என்ன சொல்லுமோ என்று அண்ணனும் தயங்கினார். வாதாடிப் பார்த்து முடியாமல், போளூரிலிருந்து அத்தையை வரவழைத்தேன். அத்தை, அப்பாவின் அக்கா. அம்மாவைப் போலவே இளம் வயதில் கணவரை இழந்தவர்.

வந்தவர் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. "இன்னா சொல்ற நீ? கண்ணாடி போட்டியே, அப்ப எவ சிரிச்சா? பல்லு இன்னா அழகுக்கா? சோறு திங்க. கெளம்பு."

அம்மா கிளம்பினார்.

பல்செட் வந்ததோடு துன்பம் தீரவில்லை. ஈறு புண்ணாகி, கழற்றித் துணியில் சுற்றி வைத்துவிட்டார். "எனக்கு இது வேணாம், விட்டுடுங்க" என்று அழுதார். பல் மருத்துவர் அம்மையார் முகம் சுளிக்காமல் மறுபடி மறுபடி உரசிச் சரிசெய்து கொடுத்தார். அத்தை ஊருக்குத் திரும்பாமல் தங்கிவிட்டார். வேளாவேளைக்கு அம்மாவின் எதிரில் தட்டோடு உட்கார்ந்துகொள்வார். இட்லி, குழைந்த பருப்பு, முட்டை, பிறகு கீரை. "நான் முடிக்கிற வரைக்கும் நீயும் எழுந்துக்கக் கூடாது" என்பார்.

சில மாதங்கள் கழிந்த ஒரு சாயங்காலம், அலுவலகத்திலிருந்து நேராக அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தேன். வாசலிலேயே அம்மாவின் குரல் கேட்டது.

"இன்னா உப்பு இது, இவ்ளோ ஜாஸ்தியா! சத்துணவுல நான் இப்படிப் போட்டிருந்தா பசங்க கொட்டிட்டுப் போயிருப்பானுங்க."

அத்தை வேகவைத்துக் கொடுத்த மல்லாட்டைக் கடலையைத்தான் அம்மா அப்படிக் குறை சொல்லிக்கொண்டிருந்தார். வாயோ நிறுத்தாமல் மென்றுகொண்டிருந்தது. அம்மா குறை சொல்லிக் கேட்டு எத்தனை காலமாயிற்று! அண்ணி அடுப்படியில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அந்த ஆண்டு தை மாதம் உறவில் நடந்த கல்யாணத்தில் அம்மா பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டதை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். அவரிடம் சாப்பிட்ட பிள்ளைகள் பேருந்து நிலையத்தில் வணக்கம் சொன்னால், பெயர் சொல்லி அழைத்து நலம் கேட்பார். இதயம் பலவீனப்பட்டுப் படுக்கையில் விழும்வரை அப்படித்தான் இருந்தார். மருத்துவமனையில் பார்க்க யாராவது வந்தால், "பல்ல எடுத்துக் குடும்மா, ரெண்டு வார்த்தை பேசணும்" என்று அண்ணியிடம் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டுதான் பேசுவார். அம்மா சிரித்த முகத்தோடுதான் உங்களிடம் விடைபெற்றார்.

வைத்தியம் பார்த்த மருத்துவர்களுக்கும், தாய்போல் பார்த்துக்கொண்ட அண்ணிக்கும், துக்கத்தில் தோள்கொடுத்த உங்கள் அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அத்தைக்கு நன்றி சொன்னால் திட்டுவார். காரியம் முடிந்ததும் ஊருக்குப் போகிறேன் என்று பையை எடுத்தவரை நாங்கள் விடவில்லை. இப்போது எங்களோடுதான் இருக்கிறார். "நீங்கள்லாம் சாப்பிடுங்க, எனக்குப் பசிக்கல" என்று அவரும் சில நாட்களாகச் சொல்ல ஆரம்பித்திருக்கிறார். அப்போதெல்லாம் எங்களில் ஒருவர் தட்டை எடுத்துக்கொண்டு போய் அவர் எதிரில் உட்கார்ந்துவிடுகிறோம்.